இரண்டு கிலோமீட்டர் பாக்கி

முதல் நாள் மூன்று கரண்ட் கம்பம்.
நான்காவதன் அடியில்
முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
பால் கேன் கட்டிய டிவிஎஸ்காரர் வண்டியை நிறுத்தி
"ஏம்மா, யாராவது துரத்துறாங்களா?" என்றார்.
இல்லை என்று சொல்ல மூச்சு வரவில்லை.

பன்னிரண்டு வருஷமாகச் சுங்கச்சாவடியில்
ஆறாம் நம்பர் கூண்டு.
எனக்கு முன்னால் போனதெல்லாம் ஓட்டம்:
பெங்களூருக்குப் பூ, சேலத்துக்குக் கிரானைட்,
கோழி, மாங்கூழ் டேங்கர், கல்யாண வேன்.
இப்போது ஸ்டிக்கரைக் கண்டதும் கம்பி தானே எழும்புகிறது.
ஸ்டிக்கர் இல்லாத ஒன்றிரண்டு வண்டிக்குத்தான்
கை நீட்டுகிறேன்.
மற்றபடி உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம்.

சர்க்கரை என்று ரிப்போர்ட்டை நீட்டிய
லேப் டெக்னீசியன் ஷமீம்தான்
ஓசூர் ஓட்டத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தாள்.
இருபத்தொரு கிலோமீட்டர்.
"பத்துதான் பார்த்தேன். பத்து தீர்ந்துபோச்சு,
இதுதான் இருந்தது."
புடவைக் கடையிலிருந்து வந்தவள் மாதிரி சொன்னாள்.

அவதானப்பட்டி ஏரிக்கரை, விடியுமுன்.
கம்பம் ஒன்பது. கம்பம் பதினாறு.
அப்புறம் கம்பங்களை விட்டுவிட்டேன்.
நாய்களுக்கு என் நேரம் பழகிவிட்டது,
ஒரு செவலை மட்டும் இன்னும் நம்பவில்லை.
ரவுண்டானா பக்கம் வாங்கிய ஷூ, ஆண்கள் அளவு ஆறு.
வலது கட்டைவிரல் நகம் கறுத்து
ஒரு வெள்ளிக்கிழமை சாக்ஸோடு வந்தது.
வீச மனமில்லாமல்
சில்லறை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

"ஜெயிச்சா என்ன தருவாங்க?" என்றார் வீட்டுக்காரர்.
"மெடல். எல்லாருக்கும் தருவாங்க."
"எல்லாருக்கும்னா அப்புறம் எதுக்கு ஓடணும்?"
குக்கர் விசில் அடித்தது. நல்லவேளை.

பதினான்கு ஓட வேண்டிய ஞாயிறு.
மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு கண்ட சமயம்,
அடித்த மருந்தின் வாசனை தொண்டையில் ஒட்டியது.
ஷமீம் முன்னால் போய்ப் புள்ளியாகி
புள்ளியும் இல்லாமல் போனாள்.
பன்னிரண்டு முடிந்த இடத்தில் ஒரு மைல்கல்.
உட்கார்ந்தேன்.
ஷேர் ஆட்டோ வந்தது. நான் கை காட்டவில்லை,
அதுவாக நின்றது.
ஏறிவிட்டேன்.

தக்காளிக் கூடைகளுக்கு நடுவே
முழங்கால்கள் உதறிக்கொண்டே இருந்தன,
வண்டி ஓடுவதைத்
தாங்கள் ஓடுவதாக நினைத்துக்கொண்டு.

அணை வாசலில், மீன் வறுக்கும் கடைகள்
அப்போதுதான் அடுப்பு மூட்டின.
"முடிச்சிட்டியா?" என்றாள் ஷமீம்.
தலையாட்டினேன்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருந்தாள்.

எங்கள் வேலையில்
ஷிப்ட் முடிந்ததும் எண்ண வேண்டும்.
மெஷின் சொல்லும் தொகையும் கையிலிருப்பதும் ஒத்துவராவிட்டால்
அதற்குப் பெயர் ஷார்ட்டேஜ்.
யாரும் திட்டமாட்டார்கள்.
கைப்பையைத் திறந்து சொந்தக் காசை வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று.
புதன் விடிகாலை டவுன் பஸ்ஸில் ஏறினேன்.
"எங்கம்மா?"
ஊர்ப் பெயர் தெரியவில்லை. "அந்த மைல்கல்லுகிட்ட" என்றேன்.
"அங்க ஸ்டாப்பிங்கே இல்லையே."
காசில்லாத மகளிர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி
என்னையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.
ஆனாலும் விசில் ஊதினார்.

கல் ஈரமாயிருந்தது.
ஒரு கையால் தொட்டுவிட்டுக் கிளம்பினேன்.
இரண்டு கிலோமீட்டர், பதினெட்டு நிமிடம்,
நடுவில் ஒரு முறை செருமல்.
அணை வாசல் பூட்டியிருந்தது.
பூட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

ஷமீமிடம் இன்னும் சொல்லவில்லை.
ஓசூருக்குப் பதினொரு நாள் இருக்கிறது.
எட்டு மணி ஷிப்ட்.
அடுத்த பஸ் எப்போதென்று கேட்க ஆளில்லை,
நின்று பார்க்கப் பொறுமையில்லை.
நடந்தேன்,
கொஞ்ச தூரம் ஓடினேன்.